குடும்ப மீன்

சங்குமுனைப் பட்டணத்தில் மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மீனைப் பிடித்தவனின் மனசு தெரிய ஆரம்பித்தது, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் வாரத்தில். வலையை இழுத்துப் படகில் கொட்டும்போது இழுத்தவன் எதை நினைத்துக்கொண்டிருந்தானோ அது மீனின் சதையோடு ஒட்டிக்கொண்டு, குழம்பில் கொதித்தும் போகாமல், எண்ணெயில் பொரிந்தும் போகாமல், சாப்பிடுகிறவரின் நாக்கில் ஏறி, அவருக்கே நடந்தது போல அவருக்குள் தங்கிவிட்டது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் மத்தியானச் சாப்பாட்டில் விளமீன் துண்டைப் பிட்டு வாயில் வைத்ததும், தன் தம்பி தண்ணீருக்குள் கையை நீட்டியபடி கீழே கீழே போவதைப் பார்த்து, சோற்றுக் கையோடு தெருவுக்கு வந்து நின்று அழுதார். அவருக்குத் தம்பியே கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் வஞ்சிர வறுவல் பரிமாறிய பந்தி முழுவதும், வேற்று நாட்டு ரோந்துப் படகில் முட்டி போட்டு உட்காரவைக்கப்பட்ட அவமானத்தில் ஒன்றாகத் தலையைக் குனிந்துகொண்டது. மாப்பிள்ளை அன்று முழுக்கப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை.

இது ஏன் வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. பிஷப் மேற்றிராணியார் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார், கல்லூரியிலிருந்து வந்தவர்கள் ஒன்று சொன்னார்கள், அதற்குள் ஏலக்கூடம் தன் வழியைக் கண்டுபிடித்துவிட்டது. கரைக்கு வரும் மீனை அங்கேயே வேகவைத்து ருசி பார்ப்பதற்கென்று ஆட்களை வைத்தார்கள். அவர்கள் ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கண்ணை மூடி, சந்தோஷமாக இருந்தால் வலது பக்கமும் துக்கமாக இருந்தால் இடது பக்கமும் கையைக் காட்டினார்கள். வலது பக்கம் போனதற்குக் குடும்ப மீன் என்றும் இடது பக்கம் போனதற்குக் கனத்த மீன் என்றும் பேர் வந்தது. குடும்ப மீன் ஊரின் பெரிய உணவகங்களுக்குப் போயிற்று. கனத்த மீனை லாரியில் அள்ளிக்கொண்டு போய் உரத்துக்கு அரைத்தார்கள். ருசி பார்த்தவர்கள் வேலை முடிந்து வெளியே வரும்போது, அத்தனை மீனவர்களுடைய வீடுகளையும் மனைவிகளையும் மனசில் சுமந்துகொண்டு, தங்கள் வீடு எந்தத் தெருவில் என்று தெரியாமல் ஏலக்கூட வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

மீனவர் தெருக்களும் மாறிக்கொண்டன. படகு கிளம்பும் நாளில் பெண்கள் புருஷனிடம் சண்டை போடுவதை விட்டார்கள். இறந்தவர்களுக்கான பூசையைப் படகுகள் கரையில் நிற்கும் நாளுக்கு மாற்றினார் பங்குச் சாமியார். அண்ணனையோ தகப்பனையோ கடலுக்குக் கொடுத்தவர்களைப் படகில் ஏற்ற யோசித்தார்கள், பிறகு யோசிக்காமலே மறுத்தார்கள். எவ்வளவு கைதேர்ந்த ஆளாக இருந்தாலும் அவன் இழுத்த மீன் இடது பக்கம்தான் போகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புதிதாகக் கல்யாணமானவனுக்கும் புதிதாகத் தகப்பனானவனுக்கும் மதிப்பு ஏறியது. எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் படகுக்காரர்கள் பழத்தட்டோடு வந்து நின்றார்கள்.

அப்படி மதிப்பு ஏறியவர்களில் முதல் ஆள் கெபித் தெரு தஸ்நேவிஸ். ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே மகள் பிலோமியைத் தவிர வேறு நினைப்பில்லாத மனிதர். வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற பெரிய படகு ஒன்றில் வேலை. அவர் இழுத்த மீனைப் பெரிய படகிலிருந்து ஒரு சின்னப் படகு அவ்வப்போது கரைக்குக் கொண்டுவரும். அதை முழுசாக வாங்கிக்கொண்டது பவளப்பாறை குடும்ப உணவகம். வாசல் பலகையில் ‘இன்றைய மீன்: தஸ்நேவிஸ்’ என்று எழுதியிருக்கும் நாட்களில் வெளியூர்க் கார்கள் தெருமுனை வரை நின்றன.

திருச்செங்கோட்டிலிருந்து குழந்தைவேலும் அவர் மனைவி வளர்மதியும் மகள் தாரணியும் காலாண்டு விடுமுறைக்கு அந்தப் பட்டணத்துக்கு வந்தது, கடலைப் பார்ப்பதற்கு என்று சொன்னாலும், மீன் சாப்பிடுவதற்குத்தான். குழந்தைவேல் விசைத்தறிக்கு உதிரி பாகம் விற்கிறவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார், தாரணி பேசினால் “சரி சரி” என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்ப்பார். இந்தப் பயணமே வளர்மதி பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது. மூன்று பேரும் உச்சி வெயிலில் உணவகம் உணவகமாக ஏறி இறங்கினார்கள். முதல் இடத்தில் கல்லாவில் இருந்தவர் தாரணியைப் பார்த்துவிட்டு, “பெரியவங்கன்னா சாப்பிடலாம் அண்ணாச்சி. இன்னிக்கு மீன் கொஞ்சம் கனம். சின்னப் பிள்ளைக்கு வேண்டாம்” என்று நேர்மையாகச் சொன்னார். இன்னோர் இடத்தில் குளிர்சாதன அறை இருந்தது, பிள்ளைகளுக்குச் சறுக்கு மரமும் இருந்தது, மீன் மட்டும் எங்கோ ஏரியில் வளர்த்து ஐஸில் வந்தது. அதை வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லை, யாரோ கொட்டாவி விட்டது போல இருந்தது. தாரணி ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டாள். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் அவர்களைப் பவளப்பாறையில் கொண்டுவந்து இறக்கினார். பலகையில் தஸ்நேவிஸின் பேர் இருந்தது.

அங்கே அவர்கள் சாப்பிட்டது சாதாரண மீன் சாப்பாடுதான். பாறை மீன் குழம்பு, வறுவல், ரசம். முதல் விள்ளலிலேயே குழந்தைவேலின் காலடியில் துறைமுகத்துக் கல்பாலம் வந்தது. முன்னால் ஒரு சிறுமி ஓடிக்கொண்டிருந்தாள். ஓடியவள் நின்று திரும்பினாள், மேல்வரிசையில் ஒரு பல் இல்லை, காற்றில் முடி முகத்தில் விழுந்து விழுந்து எழுந்தது. “அப்பா, கண்ண மூடிக்கிட்டு வாங்க. நான் சொல்லுதேன் வழி” என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ நிரம்பி, தாங்கமுடியாமல், இவள் கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கடலுக்குள்ளும் நடப்பேன் என்று தோன்றியது. குழந்தைவேலுக்கு அப்படி எதுவும் யாரிடமும் தோன்றியதில்லை. சுற்றிலும் எல்லா மேசைகளிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்கள் அதே சிறுமியைப் பார்த்து அதே நேரத்தில் சிரித்தார்கள். குழந்தைவேல் கையை நீட்டித் தாரணியின் வாயோரத்துக் குழம்பைத் துடைத்துவிட்டார். பிறகு அவள் தட்டில் மீனை முள் எடுத்துப் போட்டார். வளர்மதி பார்த்தும் பாராதது போலச் சாப்பிட்டாள்.

தஸ்நேவிஸின் மீனைச் சாப்பிட்டவர்கள் பிலோமியைப் போய்ப் பார்ப்பதும் பட்டணத்தில் வழக்கமாகியிருந்தது. கலங்கரை விளக்கம், சிப்பிக் கடை, பிலோமி வீடு என்று ஆட்டோக்காரர்களுக்கு ஒரு சுற்று இருந்தது. கெபித் தெரு முனையில் தஸ்நேவிஸின் படகுக்காரருடைய மைத்துனர் சூசை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “நேரம் எடுக்காதீங்க, பிள்ளைக்குப் படிப்பு இருக்கு” என்று சொல்லி உள்ளே விட்டார். வருகிறவர்கள் எட்ட நின்று சிரித்துவிட்டு, உற்றுப் பார்ப்பதற்குள் கிளம்பிவிடுவார்கள். வீட்டு வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி வந்து நின்றாள். வளர்மதி வாங்கிவந்த சாக்லேட்டை வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ் ஆன்ட்டி. எங்கப்பா மீன் நல்லாருந்துச்சா?” என்று கேட்டாள்.

தாரணி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“இது பிலோமி இல்லீங்கப்பா.”

“சும்மா இரு சாமி” என்றார் குழந்தைவேல். ஆனால் அவருக்கும் தெரிந்திருந்தது. நெஞ்சு நிரம்பவில்லை.

“நான் பிலோமிதான்” என்றாள் அந்தச் சிறுமி. சொல்லிவிட்டு தெருமுனையைப் பார்த்தாள். பிறகு சாக்லேட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். “நான் பக்கத்து வீடு. என்னயச் சொல்லச் சொன்னாவ.”

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். முடியை அள்ளி முடியாமல், கண் மட்டும் காய்ந்து போய், வந்தவர்களைப் பார்க்காமல் தாரணியைப் பார்த்தாள். அவள்தான் பிலோமியின் அம்மா கித்தேரி. “நீ போ மக்ளே, அம்ம தேடுவா” என்று அழுத பிள்ளையை அனுப்பிவிட்டு, இவர்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே மேசையில் மாதா படம் இருந்தது. அதன் அருகே சட்டம் போட்ட பிலோமியின் படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

“எம்பிள்ள போயிட்டா” என்றாள் கித்தேரி. “காய்ச்சல். அவரு கடல்ல இருக்கும்போது வந்துச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உசுரோட கொண்டு வரல.”

வளர்மதி கேட்டாள், “அவருக்குச் சொல்லலீங்களாக்கா?”

“சொல்லக்கூடாதுன்னுட்டாவ. படகுக்காரரு வந்தாரு, ஓட்டல்காரரு வந்தாரு. தெருவே வந்து வாசல்ல நின்னுச்சு. ஒரு வீட்டு மீன் கனத்துட்டா, தெருவுக்கே கெட்ட பேரு வந்துரும், எல்லாத்தையும் இடது பக்கம் தள்ளிருவான்னாவ. அவரு இல்லாமலே கல்லறையில கொண்டு போயி வச்சோம்.”

“நீங்க எப்படிங்க ஒத்துக்கிட்டீங்க?” என்றார் குழந்தைவேல்.

கித்தேரி அவர் பக்கம் திரும்பினாள். “அவுக மெரட்டி ஒண்ணும் ஒத்துக்கிடல. நானாத்தான் ஒத்துக்கிட்டேன். அவருக்குத் தெரியாத வரைக்கும் அவ அங்கன உசுரோட இருக்கால்லா. இந்த வீட்டுல இல்ல. ஆனா அவரு மனசுல ஓடிக்கிட்டுத் திரியுதா. சாப்பிட்டுட்டு வாரவங்க எல்லாம் சிரிச்சிக்கிட்டே வாராவ. அத நான் எதுக்குக் கொல்லணும்?”

அவள் அந்த மீனை ஒரு தடவைகூட ருசி பார்த்ததில்லை. துக்க வீட்டுக்குக் குடும்ப மீன் போகக்கூடாது என்று ஏலக்கூடத்தில் பேசிவைத்திருந்தார்கள். பவளப்பாறைக்குப் போய் உட்கார்ந்தால், மற்ற குடும்பங்கள் இருக்கிற இடம், நீ அழுதால் நல்லாயிருக்காது என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அதனால் வந்து போகிறவர்களின் முகத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு அவள் இருந்தாள். யாரிடமும் இதுவரை கேட்டதில்லை. தாரணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாகக் கேட்டாள்.

“அவ என்ன செய்தா, சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு.”

தாரணி சொன்னாள். கல்பாலத்தில் ஓடினதைச் சொன்னாள். பல் விழுந்திருந்ததைச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு வரச் சொன்னதையும், வழி சொல்கிறேன் என்று தப்பு வழி சொல்லிவிட்டுச் சிரித்ததையும் சொன்னாள். கித்தேரிக்கு முகம் இளகி இளகி வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள், “ஆமா, அப்பிடித்தான் செய்வா கள்ளி” என்றாள்.

“அப்புறம் சுத்துனா. கவுன் குடை மாதிரி விரிஞ்சுது. பச்சைக் கவுன். கீழ பூராம் வெள்ளிக் கலர்ல நட்சத்திரம்.”

கித்தேரியின் தலையாட்டல் நின்றது.

“பச்சையா?”

“பச்சைங்க. புதுசு.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கித்தேரி தாரணியின் கையை மெதுவாக அவள் மடியிலேயே திருப்பி வைத்தாள். பிறகு வளர்மதியைப் பார்த்து, சாதாரணக் குரலில், கடையில் சாமான் சொல்வது போலச் சொன்னாள்.

“அந்தக் கவுன அவரு பாத்ததே கெடையாது, தங்கச்சி. அவரு போன பெறகு திருநாளுக்குன்னு தைக்கக் குடுத்தேன். தைச்சு வந்தப்போ அவ ஆஸ்பத்திரியில கெடந்தா. சவப்பெட்டியில வைக்கும்போதுதான் போட்டுவிட்டோம். எல்லாரும் போட்டோ எடுத்தாவ. சின்னப் படகுல போன யாரோ மனசு கேக்காம அவருக்குக் காட்டியிருக்காவ.”

வளர்மதிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவள் தாரணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தஸ்நேவிஸுக்கு எல்லாம் தெரியும். பெட்டிக்குள் பச்சைக் கவுனோடு படுத்திருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளையை அவர் மனசுக்குள் எழுப்பி உட்காரவைத்து, கண்ணைத் திறக்கவைத்து, அதே கவுனோடு கல்பாலத்தில் ஓடவிட்டிருக்கிறார். வலை மேலே வரும் ஒவ்வொரு தடவையும் ஓடவிட்டிருக்கிறார். தான் அறிந்துவிட்டது மீனில் தெரிந்தால் கரையில் கித்தேரி என்ன ஆவாள் என்று பயந்து, கித்தேரி அவருக்காக மறைத்தது போலவே அவரும் அவளுக்காக மறைத்திருக்கிறார். அதைத்தான் எல்லாரும் ருசித்துச் சாப்பிட்டார்கள்.

“அப்ப அவ அங்கனயும் இல்ல” என்றாள் கித்தேரி.

குழந்தைவேல் எழுந்து செருப்பை மாட்டினார். வளர்மதி, “எங்கீங்க போறீங்க? வேண்டாமுங்க. உட்காருங்க” என்றாள். அவர் கேட்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு தகப்பனுக்கு என்ன இருக்குமோ அது அவருக்குள் இருந்தது, அது இன்னொருவருடையது என்பதும், செத்த பிள்ளையைப் பார்த்து வந்தது என்பதும் அவரால் பொறுக்கமுடியவில்லை. பவளப்பாறைக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, மேலாளர் பால்துரையின் முன்னால் நின்று பேசினார். ஒரு பிள்ளையின் சாவை ஊரே மறைத்தது எவ்வளவு பெரிய அக்கிரமம் என்றார், அந்த மனிதன் தெரிந்துகொண்டே மீன் பிடிக்கிறான், அவனைக் கரைக்குக் கூப்பிடுங்கள், அவன் பெண்டாட்டியோடு உட்கார்ந்து அழவாவது விடுங்கள் என்றார். இதைக் குடும்ப மீன் என்று எங்களுக்குப் போட்டீர்களே என்றும் சொன்னார்.

பால்துரை எல்லாவற்றையும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். “நீங்க சொன்னது ரொம்ப உபகாரம் அண்ணாச்சி” என்றார். “அவருக்குத் தெரியும்னு எங்களுக்கே தெரியாதுல்லா. பிள்ளைக்கு ஐஸ்கிரீம் எதுவும் குடுக்கட்டுமா?” கேட்டுக்கொண்டே வெளியே போய், ஈரத் துணியால் பலகையிலிருந்த பேரைத் துடைத்தார். எழுத்து போன பிறகும் ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார். அதைப் பார்த்தபோதுதான் குழந்தைவேலுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் பெரிய படகுக்குத் தகவல் போய்விட்டது. கெபித் தெருவும் கித்தேரியைத் திட்டித் தீர்த்தது, வெளியூர்க்காரர்கள் முன்னால் வாயைத் திறந்து தெருவின் பிழைப்பில் மண்ணைப் போட்டாள் என்று. பிலோமியாக நின்ற சிறுமிக்கு அவள் அம்மா இரண்டு அடி போட்டாள். குழந்தைவேல் ஊருக்குக் கிளம்பலாம் என்றார். வளர்மதி, “பண்ணுனத இருந்து பாத்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு விடுதி அறையை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலை சின்னப் படகு மீனோடு தஸ்நேவிஸையும் கொண்டுவந்தது. துறைமுகத்தில் கித்தேரி தனியாக நின்றாள், கொஞ்சம் தள்ளி இவர்கள் மூன்று பேரும் நின்றார்கள். படகிலிருந்து சிலர் இறங்கினார்கள். தாரணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. அவர் பார்த்ததெல்லாம் அவளுக்குத் தெரியும், அவர் முகம் மட்டும் தெரியாது.

கடைசியாக இறங்கியவரிடம் கித்தேரி போனாள். இரண்டு பேரும் தொட்டுக்கொள்ளவில்லை.

“தெரியும்னு சொல்லியிருக்கலாம்லா” என்றாள்.

“நீயும் சொல்லியிருக்கலாம்.”

அவருடைய கடைசிக் கூடை தனியாக இறங்கியது. ருசி பார்க்கிற ஆள் அதிலிருந்து ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி, திறந்து, மறுபடி ஒரு விள்ளல் எடுத்துப் போட்டார். வலது பக்கமும் காட்டவில்லை, இடது பக்கமும் காட்டவில்லை. “ஒண்ணுமில்லையே” என்றார். “வெறும் மீனு.” எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் கூடையை நடுவில் விட்டுவிட்டு ஏலம் அடுத்த படகுக்குப் போனது.

தஸ்நேவிஸ் கித்தேரியிடம் சொன்னார். “ஓடவிட்டு ஓடவிட்டு தேஞ்சு போச்சு புள்ள. ரெண்டு நாளாவே மங்கிக்கிட்டு வந்துச்சு. கடைசி வலைக்குக் கூப்பிட்டுப் பாத்தேன், வரல. மூஞ்சி வரமாட்டேங்குது. பேரு மட்டுந்தான் இருக்கு.” தொழிலில் ஒரு கருவி கைதவறித் தண்ணீரில் விழுந்ததைச் சொல்வது போல, அதே குரலில் சொன்னார்.

கித்தேரி திரும்பித் தாரணியைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. தாரணியாகவே அம்மாவின் கையை விட்டுவிட்டு வந்து அவர் முன்னால் நின்று, கல்பாலத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். பல்லைச் சொன்னாள், முடியைச் சொன்னாள், தப்பு வழி காட்டிச் சிரித்ததைச் சொன்னாள். கவுனைச் சொல்லவில்லை. பிலோமியின் குரலில் “அப்பா, கண்ண மூடிக்கிட்டு வாங்க” என்று சொல்லிக் காட்டினாள், அச்சாக அதே குரல், அதைக் கேட்டுக் கித்தேரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தஸ்நேவிஸ் குனிந்து, கையை முட்டியில் ஊன்றி, யாரோ வீட்டு விசேஷத்தைக் கேட்கிறவர் போலப் பொறுமையாகக் கடைசிவரை கேட்டார். தாரணி முடித்ததும் நிமிர்ந்தார்.

“நல்ல பிள்ளையா இருந்திருக்கும் போல” என்றார்.